டிரெய்லரைப் பூட்டும் பத்து நிமிடம்: லோரி ஓட்டும் நம் பிள்ளைகளுக்காக

புக்கிட் ஆசஹான், கெமுனிங், டைமண்ட் ஜூப்ளி, காடேக், தெபோங் என்று நம் மலாக்காவில் எந்தத் தோட்டத்தின் பெயரைச் சொன்னாலும், அங்கே பிறந்து வளர்ந்தவர்களில் சிலராவது இன்று கனரக லோரி ஓட்டுகிறார்கள். அப்பா பால்மரம் வெட்டினார், அண்ணன் செம்பனைக் குலை இறக்கினார், தம்பி பிரைம் மூவர் ஓட்டுகிறார். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த பல குடும்பங்களின் கதை இதுதான். ஆயர் குரோ, பத்து பெரெண்டாம், கிருபோங் தொழிற்பேட்டைகளின் சரக்கு கிள்ளான் துறைமுகத்திற்கும் ஜொகூர் துறைமுகங்களுக்கும் போகிறது. ஆலையிலிருந்து செம்பனை எண்ணெய் போகிறது. சுங்கை ஊடாங்கிலிருந்து எரிபொருள் போகிறது. இவற்றில் பெரும் பங்கு, ஒரு தலையும் ஒரு டிரெய்லரும் சேர்ந்த வண்டியில்தான் போகிறது.

அந்தத் தலையையும் டிரெய்லரையும் சேர்த்துப் பிடிப்பது ஓர் இரும்புத் தட்டும் ஒரு முளையும் மட்டுமே. 

2024 டிசம்பர் 23ஆம் தேதி இரவு, நம் மாநிலத்தின் வழியாகச் செல்லும் வட-தெற்கு நெடுஞ்சாலையின் 204ஆவது கிலோமீட்டரில் நடந்ததை மலாக்கா மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். லோரியிலிருந்து கழன்று விழுந்த சக்கரத்தில் மோதிய சுற்றுலாப் பேருந்து, கட்டுப்பாட்டை இழந்து எதிர்த் திசைக்குப் பாய்ந்தது. 7 பேர் உயிரிழந்தார்கள். அங்கே கழன்றது சக்கரம், டிரெய்லர் அல்ல. ஆனாலும் கனரக வண்டியிலிருந்து ஒரே ஒரு பாகம் கழன்றால் சாலையில் போகும் பிறருக்கு என்ன நேரும் என்பதை அந்த இரவு காட்டியது. கழல்வது 12 மீட்டர் நீளமுள்ள, கொள்கலன் ஏற்றிய டிரெய்லராக இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இந்தக் கட்டுரை முதலில் ஓட்டுநர்களுக்கு. ஆனால் வீட்டில் இருப்பவர்களும் படிக்க வேண்டும். ஏன் என்பது கடைசிப் பகுதியில் தெரியும்.

ஐந்தாவது சக்கரம் எங்கே இருக்கிறது?

மாட்டு வண்டி கட்டியவர்களுக்குப் 'பூட்டுதல்' என்ற சொல் தெரியும். மாட்டை நுகத்தடியில் பூட்டி, கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டிக்காரர் ஏறி உட்காருவார். டிரெய்லர் விஷயத்தில் நம் ஓட்டுநர்கள் 'கப்ளிங்' என்று சொல்வதும் அதே வேலைதான். இங்கே மாட்டுக்குப் பதில் 400 குதிரைத் திறன் இயந்திரம். நுகத்தடிக்குப் பதில் 'பிஃப்த் வீல்' என்னும் ஐந்தாம் சக்கரம்.

வட்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் உருளாத இதற்குச் சக்கரம் என்று பெயர் வந்தது குதிரை வண்டிக் காலத்தில். நான்கு சக்கரக் குதிரை வண்டியின் முன் அச்சு இடமும் வலமும் திரும்ப, அதன் மேல் படுக்கைவாக்கில் ஒரு வளையம் வைத்தார்கள். அதுதான் அந்த வண்டியின் ஐந்தாவது சக்கரம். பெயர் அப்படியே லோரிக்கும் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1914இல் வண்டி செய்யும் கொல்லர் ஆகஸ்ட் ஃபுருவாஃப், ஒரு மர வியாபாரியின் படகை ஏரிக்கு இழுத்துச் செல்ல, ஃபோர்ட் மாடல் டி காருக்குப் பின்னால் பூட்டும் வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். முன் பாரம் இழுக்கும் வண்டியின் மேல், பின் பாரம் தன் சக்கரத்தின் மேல் என்ற அந்த ஏற்பாடுதான் இன்று நெடுஞ்சாலையில் ஓடும் டிரெய்லரிலும் இருக்கிறது.

பிரைம் மூவரின் பின்பகுதியில் கிரீஸ் தடவிய கனத்த தட்டு இருக்கும். அதன் பின்பக்கம் 'வி' வடிவத்தில் பிளந்திருக்கும். டிரெய்லரின் முன்பகுதிக்கு அடியில் 'கிங் பின்' எனும் முளை தொங்கும். பெரும்பாலானவை 2 அங்குலத் தடிப்பு. மிகக் கனமான சரக்கு ஏற்றுபவற்றில் 3.5 அங்குலம். பிரைம் மூவர் பின்னோக்கி வரும்போது முளை அந்தப் பிளவுக்குள் நுழைகிறது. தட்டுக்கு உள்ளே இருக்கும் தாடைகள் முளையின் இடுப்பைக் கவ்விப் பூட்டிக்கொள்கின்றன. முளையின் அடியில் தலை அகலமாகவும் நடுவில் இடுப்பு ஒடுங்கியும் இருப்பதைக் கவனியுங்கள். தாடை கவ்வ வேண்டியது இடுப்பை, தலையை அல்ல. பூட்டிய டிரெய்லர் வழியில் கழன்று விழுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இந்தச் சிறு வித்தியாசம்தான்.

உயரம் பார்க்காமல் பின்னால் வராதீர்கள்

டிரெய்லரை வேறொருவர் விட்டுச் சென்றிருப்பார். முன் கால்களை அவர் எவ்வளவு இறக்கினார் என்பது உங்களுக்குத் தெரியாது. அதனால் பின்னால் வந்து தட்டு டிரெய்லருக்கு அடியில் போவதற்குச் சற்று முன்பே நிறுத்தி, இறங்கிப் பாருங்கள். டிரெய்லரின் அடித்தட்டு ஐந்தாம் சக்கரத்தின் மட்டத்திலோ அதைவிடச் சற்றுத் தாழ்வாகவோ இருக்க வேண்டும். 50 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்று விரல் அகலத் தாழ்வு வரை சரி. அப்போதுதான் பிரைம் மூவர் உள்ளே வரும்போது தட்டு டிரெய்லரைச் சற்றே தூக்கி, இரண்டும் உரசி உட்காரும்.

டிரெய்லர் மிகத் தாழ்வாக இருந்தால் பிரைம் மூவரின் பின்பகுதி அதன் மூக்கில் இடிக்கும். சத்தம் கேட்கும், சேதம் தெரியும், ஓட்டுநர் நிறுத்திவிடுவார். ஆபத்து அதிகம் உள்ளது மறுபக்கத்தில். டிரெய்லர் உயரமாக இருந்தால் சத்தமே வராமல் போகலாம். முளையின் தலை மட்டும் தாடையில் சிக்கும்; அல்லது முளை தாடைக்கு மேலாகவே ஏறி, தட்டைத் தாண்டி முன்னால் போய் உட்காரும். உள்ளே இருப்பவருக்குப் பூட்டிவிட்டது போலத்தான் தோன்றும். வண்டி நகரும். முற்றத்தைத் தாண்டும். ஒரு மேட்டிலோ வட்டச் சாலையின் வளைவிலோ சமிக்ஞை விளக்கில் புறப்படும்போதோ டிரெய்லர் பின்னால் நின்றுவிடும்.

எனவே கால்களை ஏற்றியோ இறக்கியோ உயரத்தைச் சரிசெய்த பிறகே உள்ளே போங்கள். காற்றுத் தாங்கி உள்ள பிரைம் மூவரானால் அதன் பின்பகுதியையே இறக்கி உள்ளே சென்று, பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

உயரம் பார்க்க இறங்கும்போதே மற்றவற்றையும் பார்த்துவிடலாம். தாடை முழுதாகத் திறந்திருக்கிறதா, தட்டு பின்பக்கம் சரிந்திருக்கிறதா, கிரீஸில் கல்லும் மண்ணும் ஒட்டியிருக்கிறதா, முளை வளைந்தோ தேய்ந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். 2 அங்குல முளையின் இடுப்பு புதிதாக இருக்கும்போது 50.8 மில்லிமீட்டர். அது 49 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டும். இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை! கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளவுகோல் வேண்டும். இது பட்டறையின் வேலை. ஆனால் வண்டி புறப்படும்போதும் பிரேக் போடும்போதும் முதுகுக்குப் பின்னால் 'டக்' என்று இடிக்கிறது என்று பட்டறைக்குச் சொல்ல வேண்டியது ஓட்டுநரின் வேலை.

பின்னால் வரும்போது நேராக வாருங்கள். கோணலாக வந்தால் முளை பிளவின் ஓரத்தில் இடிபடும். வேகமும் வேண்டாம். டிரெய்லர் பிரேக் பிடித்திருக்கிறதா, சக்கரத்திற்குக் கட்டை வைத்திருக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் தள்ளத் தள்ள டிரெய்லர் பின்னால் போகும். பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது உங்கள் கண்ணாடியில் தெரியாது.

இழுத்துப் பார், இறங்கியும் பார்

தாடை கவ்வியதும் ஒரு சத்தம் வரும். பலர் அதை நம்பிக் கால்களை ஏற்றத் தொடங்கிவிடுகிறார்கள். சத்தம் சாட்சி அல்ல. டிரெய்லரின் பிரேக் பிடித்திருக்கும்போதே, குறைந்த கியரில் மெதுவாக முன்னால் இழுத்துப் பாருங்கள். ஒரு முறை போதாது, இரண்டு முறை. வண்டி திமிறி நிற்க வேண்டும்.

இழுத்துப் பார்த்தால் மட்டும் போதும் என்பதும் பாதி உண்மைதான். முளையின் தலை மட்டும் சிக்கியிருந்தாலும் மெதுவாக இழுக்கும்போது சில வேளை அது தாங்கிவிடும். அதனால் கைவிளக்கை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். பகலாக இருந்தாலும் டிரெய்லருக்கு அடியில் இருட்டுதான். மூன்று இடத்தில் கண் போக வேண்டும். ஐந்தாம் சக்கரத் தட்டுக்கும் டிரெய்லரின் அடித்தட்டுக்கும் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. பின்பக்கத்திலிருந்து பார்த்தால் தாடை முளையின் இடுப்பை முழுதாகச் சுற்றியிருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் இழுப்புக் கைப்பிடி முழுக்க உள்ளே போயிருக்க வேண்டும்; அதன் பாதுகாப்புக் கொக்கி மாட்டியிருக்க வேண்டும். கைப்பிடி ஓர் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பூட்டவில்லை என்று பொருள். சுத்தியலால் தட்டி உள்ளே அனுப்பும் பழக்கம் சில முற்றங்களில் உண்டு. அது பூட்டாது, ஏமாற்றும். கழற்றிவிட்டு மறுபடி பூட்டுவதே வழி.

இரவு மழையில், அடுத்த நடைக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இதையெல்லாம் செய்ய யாருக்கும் மனம் வராது என்பது தெரிந்ததுதான். நடைக் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்குப் பத்து நிமிடம் என்பது பணம். அந்தப் பத்து நிமிடத்தை ஓட்டுநரிடம் கேட்பதற்கு முன், முதலாளி அதை நேரக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சிவப்புக் குழாய்

உயிர்போகும் விபத்து இன்னொன்று இருக்கிறது. அதை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. பூட்டும்போது ஓட்டுநரையே நசுக்குவது அது.

பிரைம் மூவரிலிருந்து டிரெய்லருக்கு இரண்டு காற்றுக் குழாய்கள் போகின்றன. சிவப்பு, காற்றை நிரப்பும் குழாய். மற்றொன்று, வண்டியைப் பொறுத்து மஞ்சளாகவோ நீலமாகவோ இருக்கும். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது வேலை செய்வது. சிவப்புக் குழாயைக் கழற்றியவுடன் டிரெய்லரின் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் டிரெய்லர் கழன்றால் அது நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் பலர் இதையே நிறுத்தும் பிரேக்காக நம்பிவிடுகிறார்கள். சிவப்பைக் கழற்றினேன், வண்டி நின்றது, போய்விட்டேன் என்று.

அடுத்து வருபவர் பூட்டிவிட்டு, தன் கைப்பிரேக்கைப் போடாமல் இறங்கி, தலைக்கும் டிரெய்லருக்கும் இடையில் ஏறிச் சிவப்புக் குழாயை மாட்டுகிறார். காற்று போகிறது. டிரெய்லரின் பிரேக் விடுகிறது. இப்போது மொத்த வண்டியையும் பிடித்திருப்பது எதுவும் இல்லை. தரை கொஞ்சம் சரிவாக இருந்தாலும் போதும், வண்டி நகர ஆரம்பிக்கும். ஓட்டுநர் குதித்து ஓடிப்போய்க் கதவைப் பிடிக்கப் பார்ப்பார். பல டன் வண்டியை ஓடிப் பிடிக்க முடியாது. சுவருக்கும் வண்டிக்கும் இடையில், இன்னொரு லோரிக்கும் வண்டிக்கும் இடையில் சிக்கி இறந்தவர்கள் உண்டு. பிரிட்டனில் இப்படி நடந்த மரணங்களால் அந்நாட்டு வேலையிடப் பாதுகாப்பு அமைப்பு இதற்கென்றே தனி எச்சரிக்கை விடுத்திருக்கிறது.

தடுக்கும் வழி எளிது. பிரைம் மூவரின் கைப்பிரேக்கைப் போட்டு, இயந்திரத்தை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். குழாயைத் தொடும் முன் டிரெய்லரின் சொந்த நிறுத்தும் பிரேக் பிடித்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். பல டிரெய்லர்களில் அது பக்கவாட்டில் சட்டத்தில் இருக்கும் சிவப்புப் பொத்தான். வெளியே இழுத்தால் பிடிக்கும், உள்ளே அழுத்தினால் விடும். பழைய டிரெய்லர்கள் சிலவற்றில் பிரேக்கைப் பிடித்திருப்பது தொட்டியில் மிஞ்சிய காற்று மட்டுமே. இரண்டு மூன்று நாள் நின்றால் காற்று மெல்லக் கசிந்து பிரேக் விட்டுவிடும். சக்கரத்திற்குக் கட்டை வைப்பது பழைய காலத்துப் பழக்கம் என்று சிரிப்பவர்களுக்கு இதுதான் பதில்.

குழாய்களையும் விளக்குக் கம்பியையும் மாட்டிய பிறகு காற்றுக் கசியும் சத்தம் கேட்கிறதா என்று கவனித்து, கால்களை முழுதாக ஏற்றி, கைப்பிடியை அதன் கொக்கியில் மாட்டுங்கள். பாதி ஏற்றிய கால் ரயில் தண்டவாளத்திலும் வேகத்தடையிலும் மாட்டும். கொள்கலன் என்றால் நான்கு மூலைத் திருகுப் பூட்டுகளையும் நான்கு பக்கமும் நடந்து போய்ப் பாருங்கள். விளக்குகளை எரியவிட்டுப் பார்த்த பிறகு புறப்படலாம்.

உரிமமும் உரிமையும்

டிரெய்லர் ஓட்ட 'இ' வகை உரிமமும், ஜிடிஎல் எனப்படும் சரக்கு வாகன ஓட்டுநர் உரிமமும் வேண்டும். வயது 21 ஆகியிருக்க வேண்டும். இது எல்லாரும் அறிந்தது. சரக்கு வண்டிகளுக்கு 6 மாதத்திற்கு ஒரு முறை பரிசோதனை உண்டு என்பதும் தெரியும். ஆனால் பரிசோதனையில் தேறிய நாளுக்கும் அடுத்த பரிசோதனைக்கும் இடையில் அந்தத் தட்டு நூற்றுக்கணக்கான தடவை பூட்டிக் கழற்றப்படும்.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் உள்ளது. அதன் 26ஏ பிரிவின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதைப் போக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. கைப்பிடி உள்ளே போகாத வண்டியை 'பரவாயில்லை, எடுத்துக்கிட்டுப் போ' என்று ஒருவர் சொன்னால், போகமாட்டேன் என்று சொல்லச் சட்டம் இடம் தருகிறது. சொல்வதற்கு முன் கைப்பேசியில் அந்தக் கைப்பிடியைப் படம் எடுத்து, மேலாளருக்குச் செய்தியாக அனுப்பி வைப்பது நல்லது. வாய்ப் பேச்சு பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

தோட்டத்திலும் தாமானிலும்

தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டருக்கு ஐந்தாம் சக்கரம் கிடையாது, வளையமும் முளையும்தான். ஆனால் கொக்கி ஊசி போட மறந்தால், மேட்டில் ஏறும்போது முளை துள்ளி வெளியே வந்துவிடும். ஊசி தொலைந்துவிட்டது என்று கம்பியையோ ஆணியையோ செருகி ஓட்டுவது தோட்டங்களில் சாதாரணக் காட்சி. அந்த டிரெய்லரின் மேல் ஆள் உட்கார்ந்து வருவதும் சாதாரணக் காட்சிதான். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள்.

இனி வீட்டில் இருப்பவர்களுக்கு. ஓய்வு நாளில் பிரைம் மூவரையோ கழற்றிய டிரெய்லரையோ தாமானுக்கு அருகில், திடல் ஓரத்தில் நிறுத்துவது நம் ஊர்களில் உண்டு. கழற்றிய டிரெய்லரின் முன் பாரம் முழுவதும் இரண்டு மெல்லிய கால்களில் நிற்கிறது. தார்ச் சாலையில் நிற்கும் கால், செம்மண்ணில் ஒரு மழைக்குப் பிறகு அமிழும். ஒரு கால் மட்டும் அமிழ்ந்தால் டிரெய்லர் பக்கவாட்டில் சாயும். கட்டாயம் அங்கேதான் நிறுத்த வேண்டும் என்றால் காலுக்கு அடியில் கனத்த பலகை போட வேண்டும். கழற்றும்போதும் முளை விடுபட்டவுடன் ஒரேயடியாக வெளியே ஓட்டிவிடாமல், தட்டு இன்னும் டிரெய்லருக்கு அடியில் இருக்கும்போதே நிறுத்தி, கால்கள் தாங்குகின்றனவா என்று பார்த்த பிறகே முழுதாக வெளியேற வேண்டும். தாங்காவிட்டால் தட்டு அதைத் தாங்கிக்கொள்ளும்.

பிள்ளைகளுக்கு அந்த டிரெய்லரின் அடி நிழலான இடம். மழைக்கு ஒதுங்கலாம், ஒளிந்து விளையாடலாம், கால் கைப்பிடியைச் சுற்றலாம், சிவப்புப் பொத்தானை அழுத்தலாம். அந்தப் பொத்தான் என்ன செய்யும் என்பது மேலே சொன்னதுதான். பள்ளி விடுமுறையில் டிரெய்லர் நிற்கும் இடத்தை ஒரு முறை நடந்து போய்ப் பாருங்கள். சக்கரத்திற்குக் கட்டை இல்லை என்றால் அது யார் வண்டி என்று கேட்டு, அவரிடமே சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் நமக்குத் தெரிந்த பையனாகத்தான் இருப்பார்.